குதிரைச் சவாரிப் பயிற்சி: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வோம்



போன மாதம் நம்ம கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவுக்கு ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. வழக்கமா வர்ற கறவை மாடு, தையல் மெஷின், பள்ளிக் கட்டணம் மாதிரி இல்லை. உறுப்பினர் அக்கா ஒருவர் தன் பேரனுக்காகக் கேட்டிருந்தார். பையனுக்கு 6 வயசு. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். பிடித்துக்கொண்டால்தான் உட்காருவான்.

"குதிரை மேல உட்கார வெச்சுப் பயிற்சி குடுத்தா மூணு மாசத்துல நடந்துடுவான்னு சொல்றாங்க. 30,000 ரூபாய் ஆகுமாம்" என்று அக்கா செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

குழுவில் பாதிப் பேர், "பிள்ளைக்காகத்தானே கேக்குறாங்க, குடுத்துடலாம்" என்றார்கள். மீதிப் பேர், "குதிரையில உட்கார்ந்தா நோய் போகுமா? இது ஏமாத்து வேலை" என்றார்கள். ஊக்குநர் முடிவைத் தள்ளி வைத்து, விவரம் கேட்டு எங்களுக்கு எழுதினார். நாங்களும் படித்தோம், விசாரித்தோம். ரெண்டு பக்கமும் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு என்று தெரிந்தது. எல்லாக் குழுக்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இது எங்கே தொடங்கியது?

டென்மார்க் நாட்டில் லிஸ் ஹார்டெல் என்று ஒரு பெண். நல்ல குதிரை வீராங்கனை. 1944-இல், 23 வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவருக்கு இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால்கள் செயல் இழந்துபோயின. விடாமல் பயிற்சி செய்து மறுபடியும் குதிரை ஏறினார். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் போட்டியில் பெண்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டார்கள். அதில் ஹார்டெல் ஜூபிலி என்ற குதிரையில் ஏறி, ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 1956-இல் மறுபடியும் வெள்ளி.

ஒன்றைக் கவனிக்கணும். அவர் கால் குணமாகிவிடவில்லை. போட்டியின்போதும் குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் துணை வேண்டியிருந்தது. குதிரை அவருக்குக் காலைத் திருப்பித் தரவில்லை. ஆனால் குதிரை மேல் இருந்தவரை அவரால் மற்றவர்களுக்குச் சமமாக நிற்க முடிந்தது.

அவரைப் பார்த்துப் பல நாடுகளில் இந்த எண்ணம் பரவியது. இங்கிலாந்தில் ஆங்காங்கே சிறு குழுக்கள் தொடங்கின. 1969-இல் அவை எல்லாம் சேர்ந்து 'ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன்' என்ற கூட்டமைப்பை அமைத்தன. சுருக்கமாக ஆர்.டி.ஏ. அந்த நாட்டு இளவரசி ஆன் 1985-இல் அதன் தலைவரானார். ஒவ்வொரு ஊர்க் குழுவும் தன் கணக்கைத் தானே பார்க்கிறது. விதிமுறை, பயிற்சி எல்லாம் கூட்டமைப்பு வழியாக வருகிறது. கேட்கும்போது நம்ம அமைப்பு மாதிரியே இருக்கு இல்லையா? இந்த மாதிரி மையங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தால், அக்காவின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

குதிரை என்ன செய்கிறது?

நாம் நடக்கும்போது நம்ம இடுப்பு மூன்று விதமாக அசைகிறது: மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும். குதிரை மெதுவாக நடக்கும்போது, மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் கிட்டத்தட்ட அதே மாதிரி அசைகிறது. நடக்கவே தெரியாத பிள்ளைக்கும் நடக்கும் அசைவு உடம்பில் பதிகிறது. குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வைக்கும். 20 நிமிடம் நடந்தால் 2,000 அடி. ஒவ்வொரு அடிக்கும் பிள்ளை சாயாமல் இருக்க முதுகையும் வயிற்றையும் இழுத்துப் பிடிக்கணும். அதுதான் பயிற்சி. குதிரையின் உடம்புச் சூடு இறுகிய தொடைத் தசையைக் கொஞ்சம் தளர்த்தவும் உதவுகிறது.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு உட்காரும் சமநிலை கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆட்டிசம் உள்ள 127 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு 10 வாரம் சவாரி. மீதிப் பேருக்குக் குதிரையைப் பற்றிய பாடம் மட்டும், நிஜக் குதிரை இல்லை. சவாரி செய்த பிள்ளைகளுக்கு எரிச்சலும் துறுதுறுப்பும் அதிகமாகக் குறைந்தன.

ஆக, பலன் உண்டு. ஆனால் மூளையில் ஏற்பட்ட பாதிப்பை எந்தக் குதிரையும் மாற்றாது. "மூணு மாசத்துல நடந்துடுவான்" என்று பொறுப்புள்ள எந்த மையமும் சொல்லாது.

ஒரு பிள்ளைக்கு மூன்று பேர்

இந்த மையங்களில் நம்மை ஆச்சரியப்பட வைத்தது குதிரை இல்லை, ஆட்கள்தான். நன்றாக உட்காரத் தெரியாத ஒரு பிள்ளை குதிரை மேல் ஏறினால், கீழே மூன்று பேர் வேண்டும். ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார். அவர் கண் குதிரை மேல் மட்டும்தான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிள்ளையின் தொடையில் கை வைத்துக்கொண்டே நடப்பார்கள். அவர்கள் கண் பிள்ளை மேல் மட்டும்தான். நடுவில் நின்று சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் தனி. நான்கு பிள்ளைகள் சேர்ந்து சவாரி செய்தால் 12 துணையாட்கள் வேண்டும்.

இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தால் எந்த மையமும் தாங்காது. அதனால் இங்கிலாந்தில் பெரும்பாலும் தொண்டர்கள்தான் வருகிறார்கள். மழை, குளிர் பார்க்காமல் வாராவாரம் குறித்த நேரத்துக்கு வரணும். ஒருவர் வராவிட்டால் ஒரு பிள்ளை ஏற முடியாது. தொண்டர்தானே என்று யாரையும் சேர்ப்பதும் இல்லை. பிள்ளைகளோடு பழகுபவர் என்பதால் பின்னணி விசாரித்து, பயிற்சி கொடுத்த பிறகுதான் விடுகிறார்கள்.

குதிரைக்கு லீவு உண்டு, பட்டினி கிடையாது

மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் தீனி போட்டாகணும். குதிரையும் அப்படித்தான். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 கிலோ காய்ந்த புல், 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவணும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் பரிசோதனை எல்லாம் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே கால்நடை மருத்துவர் வரணும். மழைக் காலத்தில் பிள்ளைகள் வராவிட்டால் வருமானம் நிற்கும், செலவு நிற்காது. பிள்ளைகள் கட்டும் கட்டணம் மட்டும் போதாமல் நன்கொடை, விற்பனை விழா என்று பணம் திரட்டித்தான் பல மையங்கள் ஓடுகின்றன.

எல்லாக் குதிரையும் இந்த வேலைக்கு ஆகாது. சக்கர நாற்காலியைப் பார்த்தாலும், பிள்ளை திடீரென்று கத்தினாலும் மிரளாத குதிரை வேண்டும். பழக்கிப் பார்த்த பிறகுதான் பிள்ளையை ஏற்றுவார்கள். சேணத்தோடு சேர்த்து, குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. காதைப் பின்னால் மடக்கி, வாலை வெடுக்கென்று வீசினால் அதுக்கு முடியலை என்று அர்த்தம். அன்றைக்கு ஓய்வு. களைத்த குதிரை மேல் பிள்ளையை ஏற்றுவது பிள்ளைக்கும் ஆபத்து.

"இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்" என்று சொல்லவும் தெரியணும்

நல்ல மையம் முதலில் கேட்பது பணத்தை இல்லை, மருத்துவரின் கடிதத்தை. டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். பரிசோதிக்காமல் ஏற்றினால் குலுக்கலில் தண்டுவடம் பாதிக்கப்படலாம். கட்டுக்குள் வராத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல், எளிதில் உடையும் எலும்பு, உட்காரும் இடத்தில் புண், குதிரை முடி ஒவ்வாமை இவை இருந்தாலும் மருத்துவர் பார்த்து முடிவு செய்யணும். குதிரை ஏற முடியாதவர்களுக்காக ஆர்.டி.ஏ. குழுக்கள் சில குதிரை வண்டி ஓட்டவும் கற்றுத்தருகின்றன.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. மருத்துவர் கடிதம் கேட்கிறார்களா? கேட்காமல் சேர்த்தால் வேண்டாம்.
2. பயிற்சித் திட்டம் போடுவது யார்? அவர் பிசியோதெரபிஸ்ட் அல்லது இதற்கென்றே பயிற்சி பெற்றவரா?
3. குதிரை நடத்த ஒருவர், பக்கத்துக்கு ஒருவர் என்று ஆள் இருக்கிறார்களா?
4. தலைக்கவசம் போடுகிறார்களா? பிள்ளையைச் சேணத்தோடு கட்டுகிறார்களா? கட்டவே கூடாது. குதிரை விழுந்தால் பிள்ளையும் அதோடு மாட்டிக்கொள்ளும்.
5. ஏறுவதற்கு மேடை இருக்கிறதா? அவசரத்தில் பிள்ளையை இறக்கும் முறையைப் பழகியிருக்கிறார்களா?
6. குதிரை எப்படி இருக்கிறது? விலா எலும்பு தெரிந்தால், முதுகில் புண் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.
7. "குணமாகிவிடும்" என்று உறுதி சொல்கிறார்களா? சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

கடற்கரையிலும் திருவிழாவிலும் காசு கொடுத்து ஏறும் குதிரை இந்தப் பயிற்சி ஆகாது. அதையும் நினைவில் வையுங்கள்.

குழு என்ன முடிவு எடுத்தது?

இந்த விவரங்களை அடுத்த கூட்டத்தில் வாசித்தார்கள். அந்த 7 கேள்விகளையும் அக்காவே போன் போட்டுக் கேட்டார். மருத்துவர் கடிதம் தேவையில்லை என்றார்களாம். பக்கத்தில் நடக்க ஆள் கிடையாதாம். "மொதல்ல பணத்தைக் கட்டுங்க, இடம் முடியப்போகுது" என்றார்களாம். அக்கா அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: "அரசு ஆஸ்பத்திரியில பிசியோதெரபி குடுத்தாங்களே, போறியாக்கா?"

அக்கா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகள் மில் வேலைக்குப் போகிறார். பையன் கனத்துவிட்டான், தனியாகத் தூக்கிப் பஸ் ஏற முடியவில்லை. போனால் அக்காவுக்கு ஒரு நாள் கூலியும் போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை.

தீர்மானப் புத்தகத்தில் எழுதியது இதுதான்: 30,000 ரூபாய் கடன் இப்போது இல்லை. பஸ் நிறுத்தம் வரை ஆட்டோவுக்கும் கூலி இழப்புக்கும் 3,000 ரூபாய் உள்கடன். வாரம் ஒரு உறுப்பினர் முறை வைத்து அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சிறப்பு நாற்காலிக்கு மனு கொடுக்க வேண்டும். முறையான சவாரி மையம் கிடைத்து, மருத்துவரும் சரி என்றால் பெரிய கடனை மறுபடி பேசலாம்.

இதுவரை மூன்று வாரம் போய் வந்திருக்கிறார்கள். பையன் இன்னும் தனியாக உட்காரவில்லை. ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை.

சகோதரிகளே, உங்கள் குழுவிலும் இப்படி வெளியே சொல்லாமல் சிகிச்சையை நிறுத்திய வீடு இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் சேமிப்பும் தவணையும் வாங்கி முடித்ததும், "வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரி போகத் துணை வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எங்களுக்கும் எழுதுங்கள்.