முன்னேரும் பின்னேரும்

மாணவர்களே! ஆசிரியர் என்றால் எல்லாம் கற்று முடித்தவர் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். ஆசிரியருக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பல்கலைக்கழகத்தில் அறிவு வளர்வது நூல்களால் மட்டுமன்று. மூத்தவர் இளையவரைக் கைதூக்கி விடுவதாலும் அது வளர்கிறது. இதற்கொரு சான்று கூறுவேன்.

1895ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து ரூதர்போர்டு என்ற இளைஞர் கேம்பிரிட்ஜில் உள்ள காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். அதன் தலைவரான ஜே. ஜே. தாம்சன் அவருக்கு வழிகாட்டினார். 1898இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கும் அவரைப் பரிந்துரைத்தார். பெற்ற அவ்வுதவியை ரூதர்போர்டு பின்னர்த் தம்மிடம் வந்த இளைஞர்களுக்குச் செய்தார்.

அவர்களுள் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர். 1912இல் மான்செஸ்டரில் ரூதர்போர்டிடம் பயின்றுவிட்டுத் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டில் அணுவின் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அவருக்கு அனுப்பினார். ரூதர்போர்டு அதனைப் பாராட்டினார். ஆனால், மிக நீளம், சுருக்கலாம் என்றார். எந்த நிலைக்குத் தாவுவது என்பதை எலக்ட்ரான் முன்கூட்டியே எவ்வாறு அறியும் என்ற கடினமான வினாவையும் எழுப்பினார். போர் கடல் கடந்து மான்செஸ்டருக்கே வந்து, கட்டுரையின் ஒவ்வொரு பகுதிக்காகவும் வாதாடினார். ஒருவர் நோபல் பரிசு பெற்ற பேராசிரியர். மற்றவர் இருபத்தேழு வயது இளைஞர். ஆயினும் மூத்தவர் பொறுமையுடன் கேட்டார், இறுதியில் இணங்கினார். 1922இல் போரும் நோபல் பரிசு பெற்றார்.

வழிகாட்டுதல் என்பது கட்டளையிடுவதன்று. வினவுவதும் செவிசாய்ப்பதுமே ஆகும். ரூதர்போர்டு 1920இல் மின்னூட்டமற்ற துகள் ஒன்று இருக்கக்கூடும் என்றார். அக்கருத்தை விடாது பற்றிய சாட்விக், 1932இல் நியூட்ரானைக் கண்டார். அதனை அவர் முதலில் எடுத்துரைத்த இடங்களுள் ஒன்று, கபிட்சா என்ற ருஷ்ய அறிஞர் கேம்பிரிட்ஜில் தொடங்கிய சிறு கழகம். அங்கே பேசுபவரை இடைமறித்து யாரும் வினவ முடிந்தது.

எனினும் இத்தகைய உறவில் ஓர் ஆபத்தும் உண்டு. வேண்டியவர்க்கே வாயில் திறக்குமானால், அது கல்விக் குழாம் ஆகாது, வெறுங் கூட்டுறவாகிவிடும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, இளம் ஆசிரியர் ஒருவர் என் பாடமுறையை மறுத்துப் பேசினார். அவர் சொன்னதை ஆராயாமல், என் வயதைக் காட்டி வாயடைத்தேன். போரின் வரலாற்றைப் படித்த அன்று என் தவறு எனக்கு விளங்கியது.

முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்பர். பின்னேர் புதுச்சால் பிடிக்க முனைந்தால், முன்னேர் சற்று நின்று இடங்கொடுக்கவும் வேண்டும். நாளை நீங்கள் ஆசிரியரானால் இதனை மறவாதீர்கள்.