ஆற்றின் இரு கரை – 7: பிடித்துவைத்த பத்து சதவீதம்

2004 பிப்ரவரியில், மெக்சிகோவின் குவானாஹுவாத்தோ மாநிலத்தில், அன்றைய அதிபர் விசென்டே ஃபாக்ஸின் குடும்பப் பண்ணைக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது. முன்னால் நின்றவர்கள் தள்ளாத வயது விவசாயக் கூலிகள். கேட்டது தானமோ உதவித்தொகையோ அல்ல. அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க வயல்களில் உழைத்தபோது தங்கள் கூலியிலிருந்து பிடித்துவைத்த பணத்தை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இளைஞர்கள் ராணுவத்துக்கும் ஆயுத ஆலைகளுக்கும் போய்விட, பயிரை அறுக்க ஆளில்லை. 1942 ஆகஸ்ட் 4 அன்று மெக்சிகோவிலிருந்து கூலியாட்களை அழைத்துவர இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிராசெரோ திட்டம் அப்படித்தான் பிறந்தது. மெக்சிகோ கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. பொருளாதார மந்தம் வந்த 1930களில், அமெரிக்காவிலேயே பிறந்த குழந்தைகளைக்கூடச் சேர்த்து லட்சக்கணக்கானவர்களை ரயிலேற்றித் திருப்பி அனுப்பியதை அது மறக்கவில்லை. போக வரப் பயணச் செலவு, தங்குமிடம், மணிக்குக் குறைந்தது 30 சென்ட் கூலி என்று நிபந்தனைகள் போட்டது. மெக்சிகர்களைக் கேவலமாக நடத்திய டெக்சஸுக்குத் தொடக்க ஆண்டுகளில் ஆளே அனுப்பவில்லை.

அந்த நிபந்தனைகளில் ஒன்றுதான் பத்து சதவீதப் பிடித்தம். ஊர் திரும்பியதும் ஏர், கலப்பை, மாடு வாங்க உதவும் சேமிப்பு என்றார்கள். ஆள் கட்டாயம் ஊர் திரும்ப வேண்டும் என்பதற்கான பிணையும் அதுதான். அமெரிக்க வங்கி வழியாக மெக்சிகோ வங்கிகளுக்குப் போன அந்தப் பணத்தில் பெரும்பகுதி உரியவர் கைக்கு வரவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பலருக்கு அப்படியொரு பிடித்தம் இருந்ததே தெரியாது. பண்ணைப் போராட்டத்துக்குப் பிறகு மெக்சிகோ அரசு ஆளுக்கு 38,000 பெசோ தர முன்வந்தது. அதற்கும் அசல் ஒப்பந்தத் தாளையோ கூலிச்சீட்டையோ காட்ட வேண்டுமாம். ஈரக் கொட்டகையிலும் லாரித் தளத்திலும் வாழ்ந்த மனிதரிடம், அறுபது வருடத்துத் தாளை எடுத்து வா என்று கேட்பதை என்னால் நிர்வாக நடைமுறை என்று ஏற்க முடியவில்லை. எடுத்த பணத்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டியது எடுத்தவர்கள்.

அந்தத் தாளைப் பெற அவர்கள் பட்டபாடு தனிக்கதை. முதலில் உள்ளூர் அதிகாரியின் சிபாரிசுக் கடிதம். அதற்கே பலர் லஞ்சம் கொடுத்தார்கள். பிறகு சொனோரா மாநிலத்து எம்பால்மே போன்ற ஆள்சேர்ப்பு மையங்களில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், வெயிலில் காத்துக் கிடந்தார்கள். உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, காய்ப்பு இல்லாதவனை நிராகரித்தார்கள். தேறியவர்கள் எல்லை தாண்டியதும் மறுபடி பரிசோதனை. டெக்சஸின் ஹிடால்கோ மையத்தில் 1956இல் லெனர்ட் நாடெல் எடுத்த படங்கள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிர்வாணமாக வரிசையில் நிற்கும் ஆண்கள். முகக்கவசம் அணிந்த ஊழியர் அவர்கள் முகத்தில் டிடிடி பூச்சிமருந்தைப் பீய்ச்சுகிறார். அடிப்பவருக்குக் கவசம் உண்டு, வாங்குபவருக்கு இல்லை. அந்தப் படத்தில் என் கண் நிலைகுத்தும் இடம் அதுதான்.

வயலில் காத்திருந்தது குட்டைக் களைக்கொத்து, ‘எல் கோர்த்தீட்டோ’. அதன் பிடி ஒரு முழத்துக்கும் குறைவு. குனிந்தால்தான் வேலை நடக்கும். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். லெட்யூஸ், சர்க்கரைக் கிழங்கு வயல்களில் எத்தனையோ முதுகெலும்புகளைக் கெடுத்த அந்தக் கருவியை கலிஃபோர்னியா 1975இல்தான் தடை செய்தது.

22 ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் சுமார் 46 லட்சம். ஒரே ஆள் பலமுறை போனதும் உண்டு. ஒப்பந்தம் கிடைக்காதவர்கள் எல்லை ஆற்றைக் கடந்தார்கள். பண்ணைக்காரர்களும் மறுக்காமல் வேலை கொடுத்தார்கள். 1940களின் கடைசியில் ஒரு விசித்திரம் நடந்தது. தாளில்லாமல் வேலை செய்தவர்களை அமெரிக்க அதிகாரிகளே எல்லை வரை கூட்டிப்போய், மெக்சிகோ மண்ணை மிதிக்கவைத்து, கையில் ஒப்பந்தத்தைக் கொடுத்து, திரும்ப வேலைக்கே அழைத்து வந்தார்கள். அதே அமெரிக்க அரசு 1954இல் ராணுவ பாணியில் வேட்டை நடத்தி அப்படிப்பட்டவர்களைப் பிடித்து நாடு கடத்தியது. ஆள் அதே ஆள். குற்றவாளியா தொழிலாளியா என்பதைப் பருவமும் பண்ணைக்காரரின் தேவையும் தீர்மானித்தன.

இதையெல்லாம் எழுத்தில் அம்பலப்படுத்தியவர் எர்னெஸ்டோ கலார்சா. நயாரித் மாநிலத்து மலைக்கிராமத்தில் பிறந்து, மெக்சிகோ புரட்சியின்போது சிறுவனாகக் கலிஃபோர்னியா வந்து, தானும் வயலில் உழைத்தவர். 1963 செப்டம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவின் சுவாலார் அருகே, பெஞ்சு போட்டுப் பேருந்தாக மாற்றிய லாரி ஒன்று வயலிலிருந்து தொழிலாளர்களோடு திரும்பும்போது சரக்கு ரயிலில் மோதி 32 பேர் இறந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்காக அதை விசாரித்தவரும் கலார்சாதான். ஆட்களைச் சரக்குபோல ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டைப் பற்றி அதன்பின் யாரும் தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

1964 டிசம்பர் இறுதியோடு திட்டம் முடிந்தது. ஆனால் ஹாலிஸ்கோவிலும் மிச்சோவாகானிலும் ஒரு தலைமுறைக்கே வடக்கு வழி பழகிவிட்டிருந்தது. அமெரிக்கப் பண்ணைகளுக்கும் அந்தக் கைகள் இல்லாமல் முடியாது. ஒப்பந்தம் நின்றது, பயணம் நிற்கவில்லை. வேலையிழந்து எல்லை நகரங்களில் தேங்கியவர்களுக்கென்று மெக்சிகோ அரசு 1965இல் ஆற்றின் தென்கரையில் தொழிற்சாலைகளைத் திறக்க வழிசெய்தது. அவற்றில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களோ பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.