விருந்தினர் முகங்கள்

திருமண வீட்டிற்குச் செல்லாதவர் நம்முள் எவரும் இலர். அங்கே எடுத்த படங்களைப் பின்னர் ஆல்பத்தில் புரட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும். மணமக்களுக்கு இருபுறமும் நிற்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முகபாவம் மட்டும் மாறுவதில்லை. விறைத்த தோள், இறுகிய உதடு, எப்போது முடியும் என்று கேட்கும் கண்! சற்று முன்னர்ப் பந்தலின் ஓரத்தில் பழைய நண்பரைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தவரும் இவரேதாம். அந்தச் சிரிப்பைப் படமாக்குவது எப்படி? இவ்வகைப் படத்தைக் 'காண்டிட்' படம் என்கிறார்கள். இயல்புப் படம் என்று நாம் சொல்லலாம்.

முன்னாளில் இது இயலாத செயல். 1839-ல் பிரான்சில் டாகேர் கண்ட முறை வெளியிடப்பட்டபோது, ஓர் உருவம் பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. அமர்ந்திருப்பவரின் தலை அசையாதிருக்க, பின்புறம் ஓர் இரும்புத் தாங்கியை வைத்தார்கள். பெரிய கண்ணாடி வில்லை பொருந்திய எர்மனாக்ஸ் கேமரா 1924-லும், கையடக்கமான லைக்கா 1925-லும் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த பின்னரே நிலைமை மாறிற்று. எரிக் ஸாலமன் என்பவர் எர்மனாக்ஸைக் கொண்டு, மாநாடுகளிலும் விருந்துகளிலும் அரசியல் தலைவர்களை, அறை விளக்கின் ஒளியிலேயே, அவர்கள் அறியாத வண்ணம் படம் எடுத்துப் புகழ் பெற்றார்.

மற்றொரு நிகழ்ச்சி நமக்கு இன்னும் பயன் தருவது. 1937-ல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா நடந்தது. பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றிற்காகச் சென்ற ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், ஊர்வலத்தை விட்டுவிட்டு, அதைக் காண வந்திருந்த மக்களையே படம் எடுத்தார்.

உற்றார் வீட்டுத் திருமணங்களில் கேமராவுடன் நிற்கும்போது நானும் இவ்வழியையே பின்பற்றுகிறேன். கெட்டிமேளம் முழங்கும் கணத்தில் எல்லாக் கேமராக்களும் மணமகளின் கழுத்தையே நோக்கும். அந்தப் படத்தை எடுக்க ஒருவர் போதும். நான் மணவறைக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறேன். அட்சதையுடன் உயர்ந்த கைகள், கண்ணீரும் புன்னகையும் கலந்த அத்தையின் முகம், தந்தையின் தோள்மீதிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தை ஆகியவை அனைத்தும் அந்த ஒரே கணத்தில் எதிரே இருக்கின்றன.

இதற்கு வேண்டுவன மூன்று. முதலாவது வேகம். பேசிச் சிரிப்பவரின் முகம் கலங்காமல் பதிய 1/125 வினாடி போதும். அட்சதை தூவும் கைக்கு 1/500 வினாடி வேண்டும். இரண்டாவது ஒளி. பிளாஷ் விளக்கு மின்னியவுடன் இயல்பு ஓடிவிடும். மேலும், 2 மீட்டர் தொலைவில் விழும் அதன் ஒளியில் கால் பங்கே 4 மீட்டர் தொலைவில் விழும். ஆகவே முன்னிருப்பவர் வெளுத்தும், பின்னிருப்பவர் இருண்டும் தோன்றுவர். சாளரத்தின் அருகிலோ வாசற்பந்தலிலோ அமர்ந்திருப்போரை நாடுவதே நலம். மூன்றாவது தொலைவு. 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள கேமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், 3 மீட்டருக்கு அப்பால் நின்றே ஒருவரை இடுப்பளவு எடுத்துவிடலாம். அவருடைய பேச்சு தடைப்படாது.

இம்மூன்றினும் மேலானது பொறுமை. முதல் அரைமணி நேரம் நான் படமே எடுப்பதில்லை. கேமராவுடன் அவர்களிடையே உலவி நலம் விசாரித்துக்கொண்டிருப்பேன். கேமரா புதுமையாயிருக்கும் வரையில்தான் மனிதர் அதைப் பார்ப்பர். பழகிவிட்டால் மறந்துவிடுவர்.

மாணவ நண்பர்களே, இயல்பு வேறு, ஒளிவு வேறு. ஸாலமன் 1928-ல் பெர்லினில் ஒரு கொலை வழக்கைத் தொப்பிக்குள் கேமராவை மறைத்துப் படம் எடுத்தார். அது பத்திரிகைத் தொழில். நம் விருந்தினரோ நம்மை நம்பி வந்தவர்கள். பந்தியில் கவளம் வாய்க்குச் செல்லும்போதும், பெண்கள் சேலையைத் திருத்தும்போதும், ஒருவர் அழுகையை மறைக்க முகத்தைத் திருப்பும்போதும் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். எடுத்ததை அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அப்பொழுதே அழித்துவிடுங்கள். கைபேசி வழியே ஒரு படம் சில நிமிடங்களில் ஊரெங்கும் பரவிவிடும் காலம் இது.

இவ்வளவு முயற்சி எதற்காக? நம் குடும்பங்களில் தமக்கென ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத முதியவர்கள் பலர். அவர்கள் மறைந்த பின், சுவரில் மாட்ட ஒரு முகத்தைத் தேடுவோம். அடையாள அட்டையில் இருப்பது அவருடைய உருவம். ஆனால் பேத்தி அறிந்த பாட்டி அதில் இல்லை. ஏதோ ஒரு திருமணத்தில், வெற்றிலைத் தட்டின் அருகே அமர்ந்து யாரையோ கேலி செய்து சிரித்தாளே, அந்தப் பாட்டிதான் வேண்டும். அவளை அன்றைக்கு ஒருவர் பார்த்துப் பதிந்திருந்தால்தான் இன்றைக்குக் கிடைப்பாள். அடுத்த திருமணத்தில் அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.