எல்லைக் கடலோரம் ஒரு கல்வேலி

வேலணையிலிருந்து புங்குடுதீவுப் பாலத்தைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடையலாம். இலங்கையில் மக்கள் வாழும் தீவுகளுள் மேற்கே கடைசியாக உள்ளது இதுவே. சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்பில், 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாலாயிரம் பேர்கூட இருக்கவில்லை.

முன்பு இராமேஸ்வரம் இம்மக்களுக்கு அயலூர் போன்றது. 1974இல் இரு நாடுகளும் கடலில் எல்லைக் கோடு வகுத்தன. அதன்பின் போர் வந்தது. 1985 மே 15இல் குமுதினிப் படகில் பயணம் செய்தோர் நடுக்கடலில் படுகொலை செய்யப்பட்டனர். கடலைக் கடந்தே வைத்தியத்திற்கும் மேற்படிப்பிற்கும் போகவேண்டிய ஊரில், படகேறவே அஞ்சும் நிலை வந்தால் என்ன செய்வது? பலர் ஊரைவிட்டு வெளியேறினர்.

ஆயினும் ஊர் அழியவில்லை. அதற்கான காரணத்தை அங்குள்ள வேலிகளில் நாம் காண்கிறோம். சாந்து எதுவுமின்றி, முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் அவை. ஆடுமாடும் காட்டுக் குதிரைகளும் பயிருக்குள் நுழையாமல் அவை தடுக்கின்றன. ஒரு கல் விழுந்ததும் எடுத்து வைத்தால் ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் அடுத்த கல்லும் விழும். பின்பு வேலியே இராது.

கிணறும் அப்படித்தான். தீவுகளில் மழைநீர் நிலத்தினுள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர் நிற்கும். இயந்திரம் வைத்து ஒரேயடியாக இறைத்தால் கீழிருந்து உவர் மேலெழும். பிறகு அந்த நீர் மிளகாய்க்கும் உதவாது, குடிக்கவும் உதவாது.

1990இல் வேலணையைவிட்டு இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றின் காணிகள் இன்றும் பற்றையாகக் கிடக்கின்றன. எல்லாரும் உடனே திரும்பிக் குடியேறலாம் என நாம் கூறவில்லை. பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் வேறிடங்களில் வேரூன்றிவிட்டன. ஆனால் மாரி தொடங்குமுன் ஒருமுறையேனும் காணிக்குப் போவோம். எல்லையை அடைப்போம். தூர்ந்த கிணற்றைக் கலக்கி இறைத்து, சேற்றை அள்ளுவோம். வெறும் வரம்போரத்தில் நாலு பனங்கொட்டையாவது புதைப்போம். பிள்ளைகளையும் கூட்டிச்சென்று, இதுதான் எங்கள் காணி என்று காட்டுவோம்.

ஆட்கள் குறைந்த ஊரும் ஊர்தான். விழுந்த கல்லை எடுத்துவைக்க ஒருவராவது இருக்கும்வரை அது பாழாகாது.