சளி கல்ச்சருக்கு ஏன் எட்டு வாரம்?

சர்க்கரை அளவு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. காசநோய்க்குச் சளி கல்ச்சர் கொடுத்தால் மட்டும் ஆறு வாரம், எட்டு வாரம் என்கிறார்கள். ஆய்வகத்தில் மெத்தனம் என்று பலருக்குக் கோபம் வருகிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று நிதானமாகப் பார்ப்போம்.

நுரையீரலிலிருந்து கிளம்பும் சளி, தொண்டையையும் வாயையும் கடந்து வரும்போது அங்கே குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டுதான் டப்பாவில் விழுகிறது. அவற்றில் பல, சாப்பாடும் சூடும் கிடைத்தால் அரை மணி, ஒரு மணியில் இரட்டிப்பாகிவிடும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே 18 மணி முதல் 24 மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் அப்படியே ஒரு குப்பியில் விட்டால், நெல் முளைவிடும் முன்பே களை மண்டிய வயலாகிவிடும்.

அதனால் வளர்ப்பதற்கு முன்னால் ஒழிக்கும் வேலை. இந்தக் கிருமியின் சுவரில் மைகோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள கொழுப்பு நிறைய உண்டு. மற்றவை தாங்காத காரத்தை அது கொஞ்ச நேரம் தாங்கும். சளியோடு அதே அளவு 4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கலந்து 15 நிமிடம் வைப்பது பழைய, இன்றும் புழங்கும் முறை. பிறகு காரத்தைப் போக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் படிவதை எடுக்கிறார்கள்.

இந்த 15 நிமிடத்தில்தான் எனக்கு மரியாதை அதிகம். காரம் காசநோய்க் கிருமியையும் கொல்லும், சற்று மெதுவாக. நேரம் கூடினால், நோய் இருந்தும் குப்பியில் எதுவும் முளைக்காது. அதனால் நல்ல ஆய்வகம், வேறு கிருமி புகுந்து கெடும் குப்பிகளைப் பூஜ்யமாக்கப் பார்ப்பதில்லை. நூற்றுக்கு 2 முதல் 5 கெட்டால் சரியான அளவு. அதற்கும் கீழே போனால், காரம் மிஞ்சிவிட்டதோ, தேடி வந்ததையே கொன்றுவிட்டோமோ என்று சந்தேகப்படுவார்கள்.

அடுத்து உணவு. லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகத்துக்கு ஆய்வகத்தில் எல்.ஜே. என்று பெயர். கோழிமுட்டை, கிளிசரின், சில உப்புகள், அஸ்பராஜின், கூடவே மாலகைட் கிரீன் சாயம். குப்பியைச் சாய்த்து வைத்துச் சூடேற்றினால் முட்டை உறைந்து பச்சைச் சரிவாகும். காரத்துக்குத் தப்பியவற்றை அந்தச் சாயம் அடக்கிவைக்கிறது. கிளிசரின் மனிதக் காசநோய்க் கிருமிக்குப் பிடித்தது. மாட்டுக் காசநோய்க் கிருமிக்கு அது ஒத்துவராது, அதற்குப் பைருவேட் சேர்த்த குப்பி வேண்டும். நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இத்தனை பேதம்.

பிறகு 37 டிகிரியில் காத்திருப்பு, வாராவாரம் பார்வை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் வெளிர்மஞ்சளாக, சொரசொரப்பான மேடுகள் எழும்பலாம். 1882இல் இந்தக் கிருமியை உலகுக்குக் காட்டிய ராபர்ட் கோக்கும் உறையவைத்த ரத்தச் சீரத்தில் இதை வளர்த்தார். மற்ற பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். எதுவும் தெரியாத குப்பியை அவர் இரண்டாவது வாரம் வரை விட்டுவைத்ததால்தான் இது கண்ணில் பட்டது.

இரண்டு மணி நேரத்தில் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் வந்த பிறகும் இது எதற்கு? அந்தக் கருவி டி.என்.ஏ.வைத் தேடுகிறது, செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அதற்குத் தெரியும். மருந்து சாப்பிடுபவரின் சளியில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்பதை, வளர்த்துப் பார்த்தால்தான் அறியலாம். மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும். கல்ச்சருக்கு 10 முதல் 100 இருந்தாலே போதும். ஊடகத்தில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் கலந்து வளர்த்தால், எந்த மருந்துக்கு அது மசியாது என்றும் தெரியும்.

இந்த முடிவுக்காக மருத்துவர் சிகிச்சையை நிறுத்திவைப்பதில்லை. விரைவுச் சோதனையை வைத்தே தொடங்கிவிடுவார். எட்டு வாரம் முழுதாக ஆவது பெரும்பாலும் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதத்தான். நம் பங்குக்கு ஒன்று செய்யலாம்: காலையில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வரும் சளியைக் கொடுத்து, அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுவது. எச்சில் குறைந்தால், கூட வரும் கூட்டமும் குறையும்.