பூட்டும் சாவியும்

கொள்ளைநோய் கண்ட ஊரை அதிகாரம் எப்படி மூடியது என்பதை, 1975இல் வெளிவந்த சிறை பற்றிய நூலில் பூக்கோ விவரிக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதி. தெருவுக்குப் பொறுப்பானவன் ஒவ்வொரு வீட்டையும் வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறான். 2020 மார்ச் 17இல் பிரான்ஸ் மூடப்பட்டபோது அப்படி யாரும் வரவில்லை. ரொட்டி வாங்க வெளியே போகிறவர், எதற்காகப் போகிறோம் என்று தானே படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு எடுத்துப்போக வேண்டும். இல்லைன்னா 135 யூரோ அபராதம். பூட்டும் அவரே, சாவியும் அவரே.

இதை வைத்து 'எல்லாம் அரசின் சூழ்ச்சி' என்று சொல்லிவிடுவது சுலபம். இத்தாலியச் சிந்தனையாளர் அகம்பென் 2020 பிப்ரவரியிலேயே, விதிவிலக்கு நிலையை வழமையாக்கக் கொள்ளைநோய் ஒரு சாக்கு என்று எழுதினார். மார்ச்சில் பெர்காமோவிலிருந்து ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிப்போயின. அகம்பெனை விரும்பிப் படித்த எனக்கு அது உறைத்தது. நோய் நிஜம். ஆக, கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. யார் விதிப்பது, எதுவரைக்கும், எதிர்த்துக் கேட்க இடமிருக்கா என்பதுதான்.

ஹங்கேரி நாடாளுமன்றம் மார்ச் 30இல், காலவரம்பே இல்லாமல் ஆணைகளால் ஆளும் அதிகாரத்தை ஓர்பான் அரசுக்குக் கொடுத்தது. ஜூனில்தான் அச்சட்டம் விலக்கப்பட்டது. ஜெர்மனியின் கீஸன் நகரிலோ, கட்டுப்பாடுகளை எதிர்த்தே நடக்கவிருந்த ஆர்ப்பாட்டத்தை நிர்வாகம் தடைசெய்தது. இடைவெளி விட்டு நிற்போம் என்று சொல்லியே அவர்கள் வழக்குக்குப் போனார்கள். ஏப்ரல் 15இல் அரசியல் சட்ட நீதிமன்றம், கூட்டம் என்றாலே தடை என்று கருதி, அந்தக் குறிப்பிட்ட கூட்டத்தைப் பரிசீலிக்காமல் மறுத்தது தவறு என்றது.

நோயை ஒப்புக்கொண்டபடியே அதிகாரத்தைக் கேள்வி கேட்க முடியும் என்று கீஸன்காரர்கள் காட்டினார்கள். நம்ம கோட்பாட்டு விவாதங்களில் ஒன்றைப் பிடித்தால் மற்றதைக் கைவிட்டுவிடுகிறோம்.