பேசிக்கொண்டே ஓடலாமா?

தேனிப் பக்கம், பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டியில், விடியற்காலையில் நண்பர்கள் பேசிக்கொண்டே ஓடினால் தடுக்காதீர்கள். நெடுந்தூரப் பயிற்சிக்கு அதுதான் சரியான வேகம். முழு வாக்கியம் பேச முடிகிறதென்றால் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. கொழுப்பும் நன்றாக எரிகிறது. மாதக்கணக்கில் இப்படி ஓடினால் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகும். மூச்சிரைக்க ஓடினாலோ, கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு சீக்கிரம் கரையும். 42.195 கி.மீ. மாரத்தானில் 30 கி.மீ. தாண்டியதும் பலர் துவண்டுபோவதற்கு அது தீர்வது முக்கியக் காரணம்.

கூட்டாளிகளால் இன்னொரு லாபமும் உண்டு. 2019இல் வியன்னாவில் ஓட்ட வீரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்தபோது, 41 பேர் முறைவைத்து உடன் ஓடிக் காற்றை மறைத்தார்கள். நம் வேகத்துக்குக் காற்றின் எதிர்ப்பு சொற்பம்தான். ஆனால் தேனிப் பக்கம் ஆடிக்காற்று எதிரே அடிக்கும் நாளில், முன்னால் ஓடுகிறவரை அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.